18446744073709551615: இந்த எண்ணின் பகாக் காரணிகள் ஏன் இந்த ஏழு மட்டும்?

பூவரசு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் பத்தாம் வகுப்பில் பெருக்குத் தொடர்வரிசை படிக்கிறாள். சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு மணி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று 64 கட்டங்களையும் நிரப்பினால் மொத்தம் எத்தனை மணிகள் என்ற பழைய கணக்கை வீட்டுப்பாடமாகக் கொடுத்திருந்தார்கள். வாய்பாட்டின்படி 2⁶⁴ − 1 என்று எழுதிவிட்டாள். அதை எண்ணாகவே பார்த்துவிடலாம் என்று நான் கணினியில் விரிதாளைத் திறந்து இட்டபோது 18446744073709600000 என்று வந்தது. அவள் ஒரு நொடி பார்த்துவிட்டு, "இரண்டின் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் ஒற்றைப்படை எண்தானே வரவேண்டும், இது எப்படி அப்பா பூச்சியத்தில் முடியும்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

இதன் உண்மையான மதிப்பு என்ன? கணினி இல்லாமல் அதைக் கண்டுபிடிக்க முடியுமா? இவ்வளவு பெரிய எண்ணின் பகாக் காரணிகளைத் தாளில் எழுதியே காணும் வழி உண்டா? இவைதான் என் கேள்விகள்.

கணினிக்கொல்லன் எழுதியது:

உங்கள் மகளின் ஐயம் சரி, விரிதாள் காட்டியது தவறு. பெரும்பாலான விரிதாள்கள் ஓர் எண்ணில் முதல் 15 இலக்கங்களை மட்டுமே வைத்துக்கொண்டு மற்ற இடங்களைப் பூச்சியங்களால் நிரப்பிவிடும். உள்ளே நடப்பது இன்னும் வேடிக்கையானது. விரிதாள் எண்களை வைத்திருக்கும் மிதவைப் புள்ளி முறையில் எண்ணின் முக்கிய இலக்கங்களுக்கு 53 இருமானங்களே (0 அல்லது 1 என்ற இலக்கங்கள்) இடம் உண்டு என்பதால், 9007199254740992 என்ற எண்ணைத் தாண்டிய பிறகு ஒற்றைப்படை முழு எண் எதையும் அம்முறையால் துல்லியமாக வைத்திருக்க இயலாது. 2⁶⁴-க்குச் சற்றுக் கீழே அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு நடுவே 2048 அளவு இடைவெளி இருக்கும். ஆகவே நீங்கள் ஒன்றைக் கழித்தது கணினியின் கண்ணில் படவே இல்லை; அது வைத்திருந்தது 2⁶⁴ என்ற இரட்டைப்படை எண்ணை.

இதில் ஒரு முரண் உண்டு. அதே கணினியின் 64 இருமான முழு எண் வகையில் (குறி இல்லாதது) அடங்கும் மிகப்பெரிய எண்ணே நீங்கள் கேட்கும் எண்தான். அறுபத்து நான்கு இடங்களிலும் 1 நிற்கும். மேலும் ஒன்றைக் கூட்டினால் பழைய கார்களின் கிலோமீட்டர் கணக்கிபோல எல்லாம் பூச்சியமாகிவிடும். சரியான மதிப்பு 18446744073709551615.

எண்ணும்எழுத்தும் எழுதியது:

முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் கணக்குப் போட்டவன் என்பதால், தாளில் காணும் வழியை நான் சொல்கிறேன். இரண்டை அறுபத்து நான்கு முறை பெருக்க வேண்டியதில்லை. ஆறு முறை வர்க்கம் கண்டால் போதும். 2, 4, 16, 256, 65536, 4294967296 என்று ஐந்து வர்க்கங்களில் 2³² கிடைத்துவிடும். ஆறாவதுதான் கொஞ்சம் உழைப்பு கேட்கும். 4294967296 என்பதை 42949 என்றும் 67296 என்றும் இரண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். 42949-இன் வர்க்கம் 1844616601. இரண்டையும் பெருக்கி இருமடங்காக்கினால் 5780591808. 67296-இன் வர்க்கம் 4528751616. முதலாவதற்குப் பின்னால் பத்துப் பூச்சியங்களும் இரண்டாவதற்குப் பின்னால் ஐந்து பூச்சியங்களும் சேர்த்து மூன்றையும் கூட்டினால் 18446744073709551616 வரும். அதில் ஒன்றைக் கழித்துவிடுங்கள். அறிஞர் அல்பிரூனி கி.பி. 1000-ஐ ஒட்டி எழுதிய காலக்கணிப்பு நூலில் இந்தச் சதுரங்கக் கூட்டுத்தொகையைப் பிழையில்லாமல் தந்திருக்கிறார்.

நம் முறையில் காற்புள்ளி இட்டால் 1,84,46,74,40,73,70,95,51,615. வாய்விட்டுச் சொல்ல வேண்டுமானால் 1,84,467 கோடி கோடியே 44,07,370 கோடியே 95,51,615 என்று சொல்லலாம், மூச்சு முட்டும்.

காரணிகளுக்கு எட்டாம் வகுப்பு முற்றொருமை ஒன்றே போதும்: இரு வர்க்கங்களின் வேறுபாடு. 2⁶⁴ − 1 என்பது (2³² + 1)(2³² − 1). இரண்டாவது அடைப்பு மீண்டும் அதே வடிவில் இருப்பதால் அதையும் பிரிக்கலாம், அதில் வருவதையும் பிரிக்கலாம். கடைசியில் 4294967297 × 65537 × 257 × 17 × 5 × 3 என்று நிற்கும்.

நெற்குதிர் எழுதியது:

இங்கே முடித்துவிடலாமே? இந்த ஆறும் ஃபெர்மா எண்கள். இரண்டுக்கு 1, 2, 4, 8, 16, 32 என்று அடுக்குகள் வைத்து ஒன்றைக் கூட்டிய வடிவம். 3, 5, 17, 257, 65537 எல்லாம் பகா எண்கள் என்பது தெரிந்ததே. 4294967297 என்பதும் பகா எண்தான் என்று கணித அறிஞர் ஃபெர்மா சொன்னதாகப் படித்திருக்கிறேன். ஆக ஆறு பகாக் காரணிகள். தலைப்பில் ஏழு என்று போட்டிருப்பது பிழையாக இருக்கலாம்.

ஆர்வத்தில் நேற்று எங்கள் வீட்டு அரிசியில் நூறு மணிகளை எண்ணிச் சிறு தராசில் நிறுத்தேன், 1.7 கிராம் இருந்தது. அந்தக் கணக்கில் பலகைக்குத் தேவையான அரிசி ஏறத்தாழ 31,000 கோடி டன். உலகம் முழுவதும் ஓராண்டில் விளையும் அரிசி 50 கோடி டன்னை ஒட்டி இருக்கும் என்பதால், சதுரங்கக் கதையில் வரும் அரசன் அறுநூறு ஆண்டு விளைச்சலை அளந்து கொடுத்திருக்க வேண்டும்.

மட்டுக்காரன் எழுதியது:

அரிசிக் கணக்கு அருமை. ஆனால் ஆறாவது காரணியைப் பற்றிய கூற்றைத்தான் வரலாறு கவிழ்த்துப் போட்டது. ஃபெர்மா 1640-இல் எழுதிய கடிதங்களில் இவ்வகை எண்கள் எல்லாமே பகா எண்கள் என்று தாம் நம்புவதாகவும், ஆனால் நிறுவ முடியவில்லை என்றும் குறிப்பிட்டார். 1729 டிசம்பரில் கோல்ட்பாக் என்ற கணித அறிஞர் இக்கூற்றை இன்னொரு கணித அறிஞரான ஆய்லரின் கவனத்துக்குக் கொண்டு சென்றார். 1732-இல் ஆய்லர், 4294967297 = 641 × 6700417 என்று அறிவித்தார். ஆகவே நம் எண்ணின் பகாக் காரணிகள் 3, 5, 17, 257, 641, 65537, 6700417 என்ற ஏழுதான், தலைப்பு சரி.

நெற்குதிர் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் எனக்கு மனம் ஆறவில்லை. மற்ற ஐந்தும் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்க, நடுவில் 641 எங்கிருந்து வந்தது? தற்செயலாகச் சிக்கிய எண் போலத் தோன்றுகிறது. ஆய்லர் 3, 7, 11, 13 என்று ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துக்கொண்டே போய் அதில் தடுக்கி விழுந்தாரா?

பூவரசு எழுதியது:

இடையில் ஒரு சேதி. ஆசிரியர் ஐயா சொன்ன பெருக்கலை என் மகள் தாளில் போட்டு முடித்தாள். ஒரு பிழையும் இல்லை. பின்பு 7-ஆல் வகுத்துப் பார்த்து, மீதி 1 வருவதாகச் சொல்கிறாள். 11-ஆல் வகுத்தால் மீதி 4, 13-ஆல் வகுத்தால் மீதி 2. இலக்கங்களின் கூடுதல் 87 என்பதால் 3-ஆல் வகுபடும், 9-ஆல் வகுபடாது என்பதையும் அவளே கண்டாள். எதனால் 17-ஆல் வகுபட்டு 7-ஆல் வகுபடவில்லை என்பதுதான் இப்போது அவளுடைய கேள்வி. நெற்குதிர் ஐயாவின் கேள்வியும் இதுவும் ஒன்றோ என்று எனக்குத் தோன்றுகிறது.

எண்ணும்எழுத்தும் எழுதியது:

ஒன்றேதான். மகளிடம் இதைச் செய்யச் சொல்லுங்கள். இரண்டின் அடுக்குகளை 7-ஆல் வகுத்து மீதிகளை மட்டும் வரிசையாக எழுதட்டும்: 2, 4, 1, பிறகு மீண்டும் 2, 4, 1. மூன்று அடிக்கு ஒரு சுற்று முடிகிறது. 64 என்பது 3-இன் மடங்கு அன்று; ஓர் அடி மிகுதியாக இருக்கும். ஆகவே 2⁶⁴ விடும் மீதி 2, ஒன்றைக் கழித்தால் 1. அவளுக்குக் கிடைத்த மீதி அதுவே. 17-க்கு எழுதினால் 2, 4, 8, 16, 15, 13, 9, 1 என்று எட்டு அடியில் சுற்று முடியும். 64 எட்டின் மடங்கு என்பதால் சரியாக 1-இல் வந்து நிற்கும். 11-க்குச் சுற்று 10 அடி, 13-க்கு 12 அடி. இரண்டும் 64-ஐ வகுக்கா.

ஆக, ஒரு பகா எண்ணின் சுற்று 64-ஐ வகுத்தால் மட்டுமே அது நம் எண்ணின் காரணியாக முடியும். 64-ஐ வகுப்பவை இரண்டின் அடுக்குகள் மட்டுமே. 3-இன் சுற்று 2, 5-க்கு 4, 17-க்கு 8, 257-க்கு 16, 65537-க்கு 32. எஞ்சிய 64 அடிச் சுற்று 641-க்கும் 6700417-க்கும் உரியது. வேறு எந்தப் பகா எண்ணுக்கும் இந்த நீளங்களில் சுற்று இல்லை.

ஒப்பீட்டுக்காகப் பக்கத்து எண்ணைச் சொல்கிறேன். 2⁶³ − 1-இல் அடுக்கு 63, அதை மூன்று வகுக்கும் என்பதால் அங்கே 7 வந்துவிடும், அதுவும் இரண்டு முறை: 7² × 73 × 127 × 337 × 92737 × 649657. அங்கே 3-உம் இல்லை, 5-உம் இல்லை. ஒரு கட்டத்து மணிகளை எடுத்துவிட்டால் காரணிக் குடும்பமே மாறிவிடுகிறது.

மட்டுக்காரன் எழுதியது:

ஐயா சொன்ன சுற்றைப் பிடித்துக்கொண்டே 641-ஐ அடையலாம். 2³² + 1-ஐ வகுக்கும் பகா எண் எதுவானாலும், அதன் கணக்கில் 2³² விடும் மீதி −1 (அதாவது மீதியின்றி வகுபட ஒன்று குறைகிறது), 2⁶⁴ விடும் மீதி 1. சுற்றின் நீளம் 64-ஐ வகுக்கிறது, 32-ஐ வகுக்கவில்லை. ஆகவே அது 64 ஆகத்தான் இருக்க வேண்டும். ஃபெர்மாவின் சிறு தேற்றத்தின்படி, பகா எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து வரும் எண்ணைச் சுற்றின் நீளம் வகுக்கும். எனவே நாம் தேடும் காரணி, 64-இன் மடங்கோடு ஒன்றைக் கூட்டியதாக மட்டுமே இருக்க முடியும்.

அப்படிப்பட்ட எண்களை எழுதுங்கள்: 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. இவற்றில் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 மட்டுமே. 257 தானே ஒரு ஃபெர்மா எண், அதன் சுற்று 16 என்பதால் அதை விட்டுவிடலாம். 193-ஆல் வகுத்தால் மீதி 109; 449-ஆல் 325; 577-ஆல் 288; நான்காவது வகுத்தலில் 641 மீதியின்றி வகுத்துவிடுகிறது. தடுக்கி விழவே இல்லை, நெற்குதிர் ஐயா. நான்கு கதவுகள்தான் இருந்தன. இந்த வடிவத்தை ஆய்லர் 1732 கட்டுரையில் விளக்கவில்லை, பின்னாளில்தான் எழுதினார். இதில் என்னை எப்போதும் வியக்க வைப்பது, கருவி ஃபெர்மாவின் கையிலேயே இருந்தது என்பதுதான். சிறு தேற்றத்தை அவர் எழுதியதும் அதே 1640-இல். நான்கு வகுத்தல்களைச் செய்திருந்தால் தம் ஊகத்தைத் தாமே திரும்பப் பெற்றிருப்பார்.

கணினிக்கொல்லன் எழுதியது:

641 வகுக்கிறது என்பதை வகுக்காமலேயே காட்டும் நிறுவல் ஒன்று உண்டு, அதைப் பதியாமல் போக மனமில்லை. 641 = 5 × 2⁷ + 1. அதே 641 = 5⁴ + 2⁴ (625-உம் 16-உம்). முதலாவதிலிருந்து, 641-இன் கணக்கில் 5 × 2⁷ விடும் மீதி −1. இருபுறமும் நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ விடும் மீதி 1. இரண்டாவதிலிருந்து 5⁴-க்குப் பதிலாக −2⁴ என்று எழுதலாம். ஆகவே −2³² விடும் மீதி 1. அதாவது 2³² + 1 மீதியின்றி வகுபடும். முடிந்தது.

நெற்குதிர் எழுதியது:

அழகுதான். ஆனால் இது விடை தெரிந்த பிறகு கட்டிய கோபுரம். 641 என்று யாராவது சொல்லிவிட்டால் பொருந்துகிறது. 641-ஐக் கண்டுபிடிக்க இது உதவாது. அந்த நான்கு கதவுகளே எனக்கு நிறைவு தருகின்றன. ஒன்று மட்டும் கேட்கிறேன்: 6700417 பகா எண் என்பதற்கு என்ன சான்று? அதையும் நம்பித்தான் ஆக வேண்டுமா?

மட்டுக்காரன் எழுதியது:

நம்ப வேண்டாம், அதே கதவுகளைத் தட்டுங்கள். 6700417-இன் வர்க்கமூலம் 2588 சொச்சம். அதன் காரணியும் 2³² + 1-இன் காரணியே என்பதால், 64-இன் மடங்கோடு ஒன்று என்ற வடிவம் அதற்கும் பொருந்தும். பின்னாளில் எடுவார் லூக்கா என்ற கணித அறிஞர் அந்த 64-ஐ 128 ஆக்கலாம் என்று காட்டினார். அதன்படி 2588-க்குள் சோதிக்க வேண்டிய பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 ஆகிய ஐந்தே. 257 முன்பே நீங்கியது. மற்ற நான்கும் விடும் மீதிகள் முறையே 44, 120, 334, 622. எதுவும் வகுக்கவில்லை, ஆகவே அது பகா எண்.

அதே லூக்கா 1883-இல் வெளியிட்ட ஹனோய் கோபுரப் புதிரிலும் நம் எண் வருகிறது. 64 வட்டுகளை இடம் மாற்றக் குறைந்தது 18446744073709551615 நகர்வுகள் வேண்டும். நொடிக்கொன்று என்றால் 58,000 கோடி ஆண்டுகளைத் தாண்டும்.

நெறியாளர் எழுதியது:

அரிசி விலை, சதுரங்கக் கதையின் நாடு ஆகியவை பற்றிய மூன்று பதிவுகளை வேறு இழைக்கு மாற்றியிருக்கிறேன். காரணிகளைப் பற்றிய விவாதம் இங்கேயே தொடரட்டும்.

எண்ணும்எழுத்தும் எழுதியது:

641-ஆல் சங்கிலி அறுந்த இடம் வடிவியலிலும் தெரிகிறது. 1796-இல் கணித அறிஞர் காஸ் பதினேழு பக்க ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரையலாம் என்று கண்டார். பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால், அது வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கற்பலனாக இருந்தால்தான் அவ்வாறு வரைய முடியும். நமக்குத் தெரிந்த ஃபெர்மா பகா எண்கள் ஐந்தே என்பதால் அத்தகைய பலகோணங்கள் 31. அவற்றில் மிகப்பெரியதன் பக்கங்கள் 4294967295, அதாவது நம் எண்ணைப் பிரித்தபோது வந்த இரண்டு அடைப்புகளில் ஒன்றான 2³² − 1.

இதைப் பாஸ்கல் முக்கோணத்தில் (மேலே உள்ள இரண்டு எண்களைக் கூட்டிக் கீழே எழுதிக்கொண்டே போகும் எண் முக்கோணம்) பார்க்கலாம். ஒற்றைப்படை எண் இருக்குமிடத்தில் 1, இரட்டைப்படைக்கு 0 என்று எழுதி, ஒவ்வொரு வரிசையையும் இருமான எண்ணாகப் படியுங்கள்: 1, 3, 5, 15, 17, 51, 85, 255, 257. முதல் வரிசையை நீக்கிவிட்டால் 32-ஆம் வரிசை வரை வருபவை அந்த 31 எண்களே. 33-ஆம் வரிசையைப் படித்தால் 4294967297. அங்கே வந்து நம் 641 குறுக்கே நிற்கிறது. இதை வகுப்பில் ஒருமுறை சாக்பீசால் வண்ணம் தீட்டிக் காட்டினேன்; மணி அடித்தும் பிள்ளைகள் எழவில்லை.

பூவரசு எழுதியது:

என் மகளுக்கு இன்னொரு கேள்வி இருக்கிறது. இந்த ஏழில் ஒன்றுகூட இரண்டு முறை வராதது ஏன்? மேலும், நம் எண்ணோடு இரண்டைக் கூட்டினால் என்ன ஆகும் என்றும் கேட்கிறாள்.

மட்டுக்காரன் எழுதியது:

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், அது மிகக் கூர்மையான கேள்வி. நம் எண் + 2 என்பது 2⁶⁴ + 1, அதாவது அடுத்த ஃபெர்மா எண். முந்தைய ஃபெர்மா எண்கள் அனைத்தையும் பெருக்கி இரண்டைக் கூட்டினால் அடுத்தது கிடைக்கும் என்பது இந்த வரிசை முழுவதற்கும் பொருந்தும்: 3 + 2 = 5, 3 × 5 + 2 = 17. ஆகவே இரு ஃபெர்மா எண்களுக்குப் பொதுக் காரணி ஒன்று இருந்தால் அது 2-ஐ வகுக்க வேண்டும். அவை எல்லாம் ஒற்றைப்படை என்பதால் அப்படி ஒன்று இல்லை. கோல்ட்பாக் 1730-இல் இதைக் கொண்டே பகா எண்கள் முடிவில்லாதவை என்று நிறுவினார். முதல் கேள்விக்கும் விடை இதுதான். நம் எண்ணின் ஆறு துண்டுகளுக்கு நடுவே பொதுக் காரணி வர வழியில்லை. பிளந்த ஒரே துண்டும் இரண்டு வேறு பகா எண்களாகப் பிளந்தது. எனவே நம் எண்ணுக்கு வகுத்திகள் 2⁷, அதாவது 128.

2⁶⁴ + 1-உம் பகா எண் அன்று. 1880-இல் லாண்ட்ரி என்பவர் தம் 82-ஆம் வயதில் அதை 274177 × 67280421310721 என்று பிரித்தார். லூக்காவின் விதிப்படி இவ்விரண்டும் 256-இன் மடங்கோடு ஒன்று என்ற வடிவில் இருக்க வேண்டும். உங்கள் மகள் சரிபார்க்கலாம்.

பூவரசு எழுதியது:

சரிபார்த்தாள். 67280421310720-ஐ மீண்டும் மீண்டும் பாதியாக்கிக்கொண்டே போனாள். எட்டாவது முறை 262814145745 வந்தது, ஒற்றைப்படை என்பதால் அங்கே நின்றது. 274176-உம் எட்டாவது முறைதான் 1071-இல் நின்றது. இரண்டும் சரியாக எட்டிலேயே நின்றது தற்செயலா என்று கேட்கிறாள். இரவு பத்தரை மணி. நாளை அவளுக்குப் பள்ளி இருக்கிறது.

எண்ணும்எழுத்தும் எழுதியது:

தற்செயல் அன்று, அம்மா. இரண்டு காரணிகளையும் 256 × 1071 + 1, 256 × 262814145745 + 1 என்று எழுதிப் பெருக்கிப் பாருங்கள். பெருக்கற்பலனிலிருந்து ஒன்றைக் கழித்தால் 2⁶⁴ மட்டும் மிஞ்ச வேண்டும். அதற்கு 1071-ஐயும் 262814145745-ஐயும் கூட்டினால் வரும் எண் 256-ஆல் வகுபட்டே ஆக வேண்டும். இல்லையேல் கணக்கு ஒட்டாது. கூட்டினால் 262814146816, அது 256 × 1026617761. கூடுதல் இரட்டைப்படை என்பதால், ஒன்று ஒற்றைப்படையானால் மற்றதும் ஒற்றைப்படையாகத்தான் இருக்கும். 641-க்கும் 6700417-க்கும் இதே பொருத்தம் உண்டு: 641 = 128 × 5 + 1, 6700417 = 128 × 52347 + 1, ஐந்தையும் 52347-ஐயும் கூட்டினால் 52352, அதாவது 128 × 409. பெருக்கிப் பார்ப்பதைக் காலையில் வைத்துக்கொள்ளலாம்.